சாந்தோரினி மாடல்: கால்டெராச் சுவர் ஒருவழியாக நின்றுவிட்டது

கிரேக்க எரிமலைத் தீவான சாந்தோரினியின் மாடலில், வெடிப்பில் நடு இடிந்து உண்டான பெரும்பள்ளத்தின் (கால்டெரா) உள்சுவர் வந்துவிட்டது. ஃபிரா ஊருக்குக் கீழே கறுப்பு, செங்கல் சிவப்பு, சாம்பல், உச்சியில் வெள்ளை என்று வரிவரியாக நிற்கிறது. இந்தத் தீவை எடுத்ததே இந்தச் சுவருக்காகத்தான்.

அளவு 1:50,000, உயரம் மட்டும் இரண்டு மடங்கு. அடுக்கி ஒட்டும் 3 மி.மீ. சன்போர்டு (நுரைப் பிளாஸ்டிக் அட்டை) ஒன்றுக்கு 75 மீட்டர். பெருக்காமல் விட்டால் 300 மீட்டர் பாறைச்சுவர் 6 மி.மீ.க்குள் அடங்கிவிடும், அதில் என்ன அடுக்கு காட்டுவது? கமாரி, பெரிசா இருக்கும் கிழக்குச் சரிவு சுலபம். அட்டைப் படிகளைப் பட்டியால் (சுவருக்குப் பூசும் putty) மூடித் தேய்த்தால் போதும்.

சுவர்தான் படுத்தி எடுத்தது. கோப்பர்நிகஸ் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் திட்டத்தின் 30 மீட்டர் உயரத் தரவில் விளிம்பு மழுங்கித்தான் வரும். அதனால் உள்பக்கம் மட்டும் அட்டைகளைக் கொஞ்சம் நீட்டி ஒட்டி, காய்ந்தபின் மொத்தமாகச் செங்குத்தாக அறுத்தேன். மேலே வண்ணம் பூசினால் பொம்மைக் களை வந்துவிடுகிறது. நிறத்தைப் பட்டிக்குள்ளேயே கலப்பதுதான் வழி: ரெட் ஆக்சைடு பொடி, கறுப்பு ஆக்சைடு, இரண்டையும் கலந்த பழுப்பு. உப்புத்தாளால் சன்போர்டின் வழவழப்பைப் போக்கிவிட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பட்டையாக அப்ப வேண்டும். நகம் பதியும், ஆனால் ஒட்டாது என்ற பக்குவத்தில் உடைந்த ஹாக்சா பிளேடால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். ஓடைகள் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்கும், உள்ளே வரை அதே நிறம் இருக்கும். மழைக்காலத்தில் இந்தப் பக்குவம் வர அரைநாள் ஆகிறது. அவசரப்பட்டால் பட்டை பட்டையாகப் பெயர்ந்துவிடும்.

உச்சி வெள்ளை, நிறம் கலக்காத பட்டி, ஒன்றரை மி.மீ. கி.மு. 17-16ஆம் நூற்றாண்டு வாக்கில் நடந்த மினோவன் வெடிப்பின் நுரைக்கல் அது. பக்கத்துத் தீவுகளான தெராசியா, அஸ்ப்ரோனிசி தலைகளிலும் அதே வெள்ளை வந்தால்தான் மூன்றும் ஒரே வளையத்தின் துண்டுகள் என்று கண்ணுக்குப் புரியும்.

அதினியோஸ் துறைமுகத்துக்குப் பின்னால் மட்டும் வரி கூடாது. எரிமலைக்கு முந்தைய உருமாறிய பாறை அங்கே வெளியே தெரிகிறது. 567 மீட்டர் உயரமுள்ள புரொஃபிடிஸ் இலியாஸ் மலையும் சுண்ணாம்புப் பாறை, பளிங்கு. அதை எரிமலைக் கூம்பாகச் செய்து வைக்கும் மாடல்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

சன்போர்டு வாங்குபவர்களுக்கு: கனம் அளக்க வெர்னியர் அளவி கொண்டுபோங்கள். 3 மி.மீ. என்று ஒரு கடையில் கொடுத்தது 2.7 இருந்தது. கடலடியிலிருந்து உச்சி வரை 13 அடுக்கு, ஏறக்குறைய 4 மி.மீ. பிசகு, அதாவது நிஜத்தில் நூறு மீட்டர்! இப்போது பெயர்ப்பலகை செய்பவர்களிடம் வெட்டுத்துண்டு வாங்குகிறேன். கனம் சீராக இருக்கிறது, விலையும் குறைவு.

கால்டெராவுக்குள் கடலடியில் 390 மீட்டர் ஆழமுள்ள வடக்குப் பள்ளம் அறுத்தாயிற்று. நடுவில் நேயா கமேனி என்ற எரிமலைத் தீவு இன்னும் மொட்டையாகக் கிடக்கிறது. 1707இல் கடலிலிருந்து எழுந்து 1950 வரை ஒன்றின்மேல் ஒன்றாக வழிந்த லாவா, ஒவ்வொரு ஓட்டத்தின் விளிம்பும் தனியாகத் தெரிய வேண்டும். கரித்தூளைப் பசையில் குழைத்துப் பார்க்கப்போகிறேன். அடிப்பலகையை வடகிழக்கே நீட்டினால் 1650இல் வெடித்த கடலடி எரிமலை கொலும்போவும் உள்ளே வரும். அந்தப் பலகைக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இதற்கிடையே இன்னொரு கிரேக்க எரிமலைத் தீவான நிசிரோஸின் தரவையும் இறக்கியாயிற்று. அங்குள்ள ஸ்டெஃபானோஸ் எரிமலைப் பள்ளம் சுமார் 300 மீட்டர் அகலம்தான், இந்த அளவில் 6 மி.மீ. அதற்கு 1:20,000 போவேன்.