சாராவுக்குச் சாத்திய பட்டு

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகன் உட்பட எத்தனையோ ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பிழைப்புக்காகப் பாரிசுக்கு வந்த பிறகு அந்தக் காட்சி இனி நினைவில் மட்டுமே என்று எண்ணியிருந்தேன். பிரான்சின் தெற்கில், ரோன் ஆற்றின் சிறிய கிளை மத்தியதரைக் கடலில் சேரும் இடத்துக்கு அருகே, சேந்த் மரீ தெ லா மேர் என்னும் சிற்றூரில், ஆண்டுதோறும் மே 24 அன்று சாரா என்னும் கரிய நிறமுடைய ஒரு பெண்ணின் திருவுருவத்தைத் தோளில் சுமந்து கடலுக்கு எடுத்துச் செல்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, போய்ப் பார்த்தே தீரவேண்டும் என்று தோன்றியது. சென்ற மே மாதம் அது கைகூடியது.

உடன் வந்தவர், கரீபியக் கடலில் பிரான்சுக்கு உரிய குவாதலூப் தீவைச் சேர்ந்த தோழி. என்னைவிடப் பத்து வயது மூத்தவராதலால் அக்கா என்றே அழைக்கிறேன். அந்தச் சொல்லை அவரும் விரும்பி ஏற்றுக்கொண்டார். அவருடைய தாய்வழி முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். தந்தைவழி முன்னோர், அடிமை முறை 1848-இல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது, நம் கரையிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள். இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் அந்தத் தீவை அடைந்தது 1854-இன் இறுதியில். அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவருடைய பாட்டி கும்பிட்ட தெய்வத்தின் பெயர் 'மாலியெமேன்'. அது மாரியம்மன்தான் என்று நான் சொல்லும்வரை அவருக்கும் தெரியாது. சொன்ன அன்று இருவருமே சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

ஆர்ல் நகரிலிருந்து பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கமார்க் என்னும் அந்தச் சதுப்பு நிலத்தில் தண்ணீர் கட்டிய நெல் வயல்களைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. வெள்ளைக் குதிரைகளையும் உப்பங்கழியில் நின்ற பூநாரைகளையும் அக்கா காட்டிக்கொண்டே வந்தார். நானோ வயல்வரப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தங்கிய விடுதியில் ஒரு கசப்பு நேர்ந்தது. சாவியைக் கொடுத்தவர், ஊருக்குள் ஜிப்சிகள் வந்திருக்கிறார்கள், கைப்பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே எங்கள் இருவரையும் மேலும் கீழுமாகப் பார்த்து, நீங்களும் அவர்களோடு வந்தவர்களா என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரத் தம்பதியரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. இல்லை என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதில் இருந்த அவசரம் படியேறும்போது என்னை உறுத்தியது.

சாராவின் வரலாறு இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. இயேசுவின் மறைவுக்குப் பின் துடுப்பும் பாயும் இல்லாத படகில் கடலில் தள்ளிவிடப்பட்ட மரியா யாக்கோபே, மரியா சலோமே ஆகியோருக்கு எகிப்தியப் பணிப்பெண்ணாக வந்தவள் அவள் என்பது ஒன்று. கரையில் விடப்பட்டு அழுதவளுக்காகச் சலோமே தம் மேலாடையை அலைமேல் விரிக்க, அதையே தெப்பமாகக் கொண்டு அவள் படகை அடைந்தாளாம். இந்தக் கரையிலேயே வாழ்ந்த ஒரு குலத்தின் தலைவி அவள், கரையொதுங்கிய பெண்களை வரவேற்றுக் காப்பாற்றியவள் என்பது மற்றொன்று. அங்கே நான் பேசிய, ஜிப்சிகள் என்று பிறர் அழைக்கும் ரோமா இனப் பெண்கள் எல்லாரும் இரண்டாவதையே சொன்னார்கள். நானும் அதையே நம்ப விரும்புகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரபூர்வமான புனிதர் வரிசையில் சாரா இல்லை. அதனால் அவளைத் தேடி வருவோரின் கூட்டம் குறைந்ததாகவும் இல்லை.

கோயில் கோட்டையைப்போல் கட்டப்பட்டது. இரண்டு மரியாக்களின் திரு எலும்புகள் அடங்கிய பேழைகள் உச்சியிலுள்ள மேல்சிற்றாலயத்தில் இருக்கின்றன. சாரா நிலவறையில் இருக்கிறாள். எஜமானிகள் மாடியில், பணிப்பெண் தரைக்கும் கீழே என்ற அந்த அமைப்பு முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மேலே யாரும் ஏறிச் செல்வதைக் காணவில்லை. கீழே இறங்கும் படிகளில்தான் கால் வைக்க இடமில்லை.

படியிறங்கியதும் முகத்தில் அனல் அடித்தது. தாழ்வான கல் வளைவு முழுவதும் மெழுகுவத்திப் புகையால் கறுத்திருந்தது. கருவறையின் எண்ணெய்ப் பிசுக்கும் கர்ப்பூர மணமும் இல்லையே தவிர, அந்த இருட்டும் வெக்கையும் நெருக்கமும் எனக்குப் பழக்கமானவையே. சாராவின் கரிய முகம் மட்டுமே வெளியே தெரிந்தது. உடம்பு முழுவதும் அடுக்கடுக்காக மேலாடைகள். நீலமும் இளஞ்சிவப்பும் பொன்சரிகையுமாக ஒவ்வொரு குடும்பமும் நேர்ந்துகொண்டு சாத்தியவை. வேளாங்கண்ணியில் மாதாவுக்குப் புடவை சாத்துவதும் இதுதானே? ஒரு தாய் தன் கைக்குழந்தையின் உள்ளங்கையை எடுத்துச் சாராவின் கன்னத்தில் வைத்தாள். பிறகு அந்தக் கையைக் குழந்தையின் முகத்தில் ஒற்றினாள்.

கருமாரி என்றும் காளி என்றும் நாம் கும்பிடுகிறோம். ஆனால் கறுப்பாகப் பிறந்த பெண்குழந்தையைப் பார்த்துக் 'களையான முகம்' என்று ஆறுதல் சொல்வதும் நாமே. எனக்கும் வெள்ளிக்கிழமைதோறும் கடலைமாவும் மஞ்சளும் பூசப்பட்டன. பதினாறு வயதில் களிம்பும் வாங்கித் தரப்பட்டது. சாராவை ரோமானி மொழியில் 'சாரா லா காலி' என்கிறார்கள். காலி என்றால் கரியவள் என்று பொருள். அதை ஆறுதலாக யாரும் சொல்லவில்லை. பெயராகவே, செல்லமாகவே சொல்கிறார்கள்.

என் அம்மாவின் கூறைப் புடவையிலிருந்து கிழிந்த பகுதியை நீக்கி, நல்ல பகுதியை அரக்கு நிற மேலாடையாகத் தைத்துக் கொண்டுபோயிருந்தேன். அருகில் நின்ற ரோமா மூதாட்டி அதை வாங்கிச் சரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு, தாமே சாத்திவிட்டார். வெளியே வந்து கல்திண்ணையில் அமர்ந்ததும் எங்கள் ஊரில் தண்ணீருக்கு என்ன பெயர் என்று கேட்டார். தண்ணீர் என்றேன், அவர் முகம் வாடியது. வடக்கே பானி என்பார்கள் என்றதும் மலர்ந்துவிட்டார். அவர்களுக்கும் அது பானிதான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்ட மக்கள் இந்தச் சொற்களை இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறார்கள். 'கன்' என்று அவர் காதைத் தொட்டுக் காட்டியபோது நான் என் கண்ணைத் தொட்டுக் காட்ட, இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அவர் தம்மை 'மனுஷ்' என்றார். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பயணம் என்பதை நாங்கள் இருவரும் விடுதலையாகப் பேசிக்கொண்டு வந்தோம். யாரிடமும் அனுமதி கேட்காமல் சீட்டு எடுத்து இரண்டு பெண்கள் வந்ததில் எங்களுக்குப் பெருமைதான். அந்த மூதாட்டிக்குப் பயணம் வேறாக இருந்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடோடிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், புகைப்படமும் கைரேகையும் உடல் அளவுகளும் கொண்ட ஏட்டை ஊர்தோறும் காட்டி முத்திரை பெற வேண்டியிருந்தது. 1969-இல் வேறு வடிவம் எடுத்த அந்த முறையின் கடைசி எச்சம் 2017-இல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. ஆர்லை அடுத்த சாலியே என்னும் இடத்தில், 1942 முதல் 1944 வரை, உலகப்போரின்போது ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு இம்மக்களைக் குடும்பம் குடும்பமாக அடைத்து வைத்திருந்தது. பார்ப்பவர்கள் ஏமாறும்படி அந்த முகாமை இந்தப் பகுதியின் கூரைக் குடிசைகளின் சாயலில் கட்டியிருந்தார்களாம். இவற்றையெல்லாம் அவர் குற்றம்சாட்டும் குரலில் சொல்லவில்லை. தம் தாயாரின் ஏட்டை இன்னும் பெட்டியில் வைத்திருப்பதாக மட்டும் சொன்னார்.

பிற்பகல் திருப்பலியின்போது பேழைகள் பூச்செண்டுகள் கட்டிய கயிற்றில் உச்சியிலிருந்து மெல்ல மெல்ல இறங்கின. அவை கைக்கெட்டும் முன்பே நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகள் மேலே உயர்ந்தன. பின்னர் சாரா வெளியே வந்தாள். இந்த ஊர்வலம் தொன்மையானது என்று நினைத்திருந்தேன். மார்க்கி என்னும் பிரபுப் பட்டம் கொண்ட ஃபோல்கோ தெ பாரோன்செல்லி என்பவரின் முயற்சியால் 1935-இல்தான் அவள் முதன்முதலாகக் கடலுக்குப் போனாளாம். முன்னும் பின்னும் வெள்ளைக் குதிரைகளில் கமார்க்கின் கால்நடை வீரர்கள்; நடுவே ரோமா ஆண்களின் தோளில் சாரா. ஆடை சாத்துவது பெண்கள், சுமப்பது பெரும்பாலும் ஆண்கள் என்பதைக் கவனித்து, இங்கேயும் இப்படித்தானா என்று அக்காவின் காதில் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்.

'விவ் சேந்த் சாரா', புனித சாரா வாழ்க, என்ற முழக்கம் எழும்போதெல்லாம் என் வாய் 'ஓம் சக்தி' என்றே முணுமுணுத்தது. குதிரைகள் அலைக்குள் இறங்கி அரைவட்டமாக நின்றன. சுமந்தவர்கள் இடுப்பளவு நீருக்குள் போனார்கள். என் முழங்கால்வரை நனைந்த புடவை கனத்தது. எனக்கு முன்னால், குதிரைகளுக்கு வெகு அருகில், அக்கா இரு கைகளாலும் கடல்நீரை அள்ளித் தலையில் விட்டுக்கொண்டிருந்தார். பாட்டியின் சொல்லை அவர் உரக்கக் கூப்பிட்டது அலைச்சத்தத்திலும் கேட்டது. சுற்றியிருந்த எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் அழைப்பு.

மறுநாள், மே 25, இரண்டு மரியாக்கள் தங்கள் படகில் கடலுக்குச் செல்லும் நாள். ஆர்ல் நாட்டுப் பெண்கள் மரபுடையில் அழகாக அணிவகுத்தார்கள். நாங்கள் பாதியிலேயே விலகி, பேருந்துக்கு முன் ஒருமுறை நிலவறைக்குச் சென்றோம். கூட்டமில்லை. ஒரே இரவில் சாரா இன்னும் பருத்திருந்தாள். அம்மாவின் புடவைமேல் புதிதாக எத்தனையோ ஆடைகள் ஏறியிருந்தன. பாதத்தருகே மட்டும், வெள்ளை மணிகள் கோத்த ஓர் ஆடையின் விளிம்புக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு அரக்குக் கரை தெரிந்தது. அக்கா அதைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.