பாட்டிக்கு 80 சொல் போதும்
இன்று வாசித்த ஒரு கல்லூரி விண்ணப்பக் கட்டுரையின் வரைவில் முதல் 200 சொற்களும் பாட்டியைப் பற்றியே. அருமையான பாட்டி. விண்ணப்பிக்கும் பெண்ணைத்தான் காணோம்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான விண்ணப்பப் படிவமான காமன் ஆப்பில் கட்டுரை குறைந்தது 250 சொல், அதிகபட்சம் 650. மீறினால் படிவம் ஏற்காது.

பாட்டியை 80 சொல்லுக்குள் அடக்குங்கள். அவர் சொன்னதைக் கேட்டு இவள் என்ன செய்தாள், எங்கே தடுமாறினாள், எந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டாள்? மிச்ச இடமெல்லாம் அதற்குத்தான்.

படிவம் தரும் ஏழு தலைப்புகளில் எதுவானாலும் சரி. ஏழாவது நம் விருப்பம்.

பரிசுப் பட்டியல் இங்கே வேண்டவே வேண்டாம். படிவத்திலேயே செயல்பாடுகளுக்கு 10, பரிசுகளுக்கு 5 இடம் தனியாக இருக்கிறது.

கல்லூரிப் பெயரையும் எழுதாதீர்கள் பிள்ளைகளே. இதே கட்டுரைதான் மற்ற கல்லூரிகளுக்கும் போகும்.