தனுஷ்கோடிக்கு ரயில்: மேலேயா, கீழேயா?

இராமேஸ்வரம் – தனுஷ்கோடி 17.2 கி.மீ. ரயில் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம், "சென்னை மெட்ரோ மாதிரி மண்ணுக்கடியில் கொண்டுபோனால் புயலுக்குத் தப்பலாமே" என்று யாராவது கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தச் சுரங்கம் மிதக்கும்.

சென்னை மெட்ரோ முதல் கட்டத்தைப் போல சுரங்கத்தின் உள் விட்டம் 5.8 மீட்டர், சுவராக நிற்கும் கான்கிரீட் வளையத்தின் கனம் 27.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் நீளத்துக்கு அது விலக்கும் கடல்நீர் ஏறக்குறைய 32 டன். கான்கிரீட்டின் எடை 13 டன்தான். மிச்சம் 19 டன்னை மேலே கிடக்கும் மணல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். நீருக்குள் இருக்கும் மணல் கன மீட்டருக்கு ஒரு டன்கூடத் தேறாது. ஆக 3 மீட்டர் மணல் இருந்தால் சரிக்குச் சரி, அவ்வளவுதான். பாதுகாப்புக்கு 6 மீட்டராவது வேண்டும். அலை ஒரு பக்கம் அரித்து மறுபக்கம் கொட்டும் இடத்தில் அந்த 6 மீட்டர் அப்படியே கிடக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

அடுத்தது சுரங்க வாய். தண்டவாளம் 14 மீட்டர் ஆழத்தில் என்றால், 3 சதவீதச் சரிவில் இறங்கவே 470 மீட்டர் ஆகும். 1964 டிசம்பரில் பயணிகள் ரயிலையே கொண்டுபோன கடல் அந்த வாய்க்குள் புகாமல் இருக்காது.

தரையில் மண்ணைக் கொட்டி உயர்த்தி அதன்மேல் தண்டவாளம் போடும் மண்கரை மலிவு. ஆனால் வங்கக் கடல், மன்னார் வளைகுடா இரண்டுக்கும் நடுவே அணை கட்டிய மாதிரி ஆகிவிடும். தண்ணீர் ஏறித் தாண்டினால் மறுபுறச் சரிவு அரித்துத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும்.

மிஞ்சுவது தூண் பாதை. புயல் நாளில் அதிலும் ரயில் ஓடாது. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தொட்டாலே சிக்னல் சிவப்பாகிவிடும் ஏற்பாடு இருந்தது. ஆனால் அலைக்குத் தூண்களுக்கிடையே வழி இருக்கும், மறுநாள் பாதையும் இருக்கும்.

தூண் பாதைக்கு எமன் உப்புதான். இந்தத் தளர்ந்த மணலில் பைலுக்கு, அதாவது தூணைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக வார்க்கும் கான்கிரீட் கம்பத்துக்கு, துளை போட்டால் சரியும். நிரந்தர இரும்புக் குழாய் இறக்கியே ஆக வேண்டும். துளை சரியாமலிருக்க ஊற்றும் பென்டோனைட் களிமண்ணை உவர்நீரில் கரைத்தால் திரிந்துபோய்த் துளைச் சுவரைப் பிடிக்காது, நல்ல தண்ணீர் லாரியில் வர வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி அலை ஏறி இறங்கும் மட்டத்தில் குறைந்தது எம்40 என்ற வலுத் தரமுள்ள கான்கிரீட், கம்பியை மூடி 75 மி.மீ. கான்கிரீட் (கவர்). கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமைத் தாண்டக் கூடாது. சைட்டில் கோட்டை விடுவது க்யூரிங்கில்தான், அதாவது வார்த்த கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதில்: பக்கத்தில் தோண்டிய உவர்ப்பான ஊற்றுத் தண்ணீரையே அதைச் சுற்றிய சாக்கில் ஊற்றிவிடுவார்கள். அந்த உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்து, உப்பி, கவரை வெடிக்க வைக்கும். புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டது இந்த உப்புக்காகத்தான். செலவு கூடும், அதில் கைவைத்துக் குறைப்பதற்குப் பாதையே போடாமல் இருக்கலாம்.

முழு நீளத்துக்கும் தூண் தேவையில்லை. இராமேஸ்வரம் ஊருக்குள் தரையிலேயே போகட்டும். கோபுரத்தை மறைத்துப் பாலம் எதற்கு? ஊர் தாண்டி, தீவு ஒடுங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஏறினால் போதும். தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை இழுக்கவும் வேண்டாம். பழைய தனுஷ்கோடியோடு நிறுத்திவிட்டு, மீதிக்குத் தார்ச்சாலையில் பஸ் விடலாம். தனுஷ்கோடி 2025 முதல் பூநாரைச் சரணாலயமும்கூட. பறவைகள் வந்து தங்கும் மாதங்களில் பைல் வேலையை நிறுத்திவைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.