சவரிமுத்து வாசித்தார்

சவரிமுத்து என்ற பெயரை எங்கள் சபைப் பிரசங்கம் எதிலும் நான் கேட்டதில்லை. திருநெல்வேலி திருச்சபை வரலாறு என்றால் ரேனியஸ் ஐயர், கால்டுவெல் ஐயர், மர்காஷிஸ் ஐயர் என்று வெளிநாட்டு மிஷனரிகளில்தான் ஆரம்பிப்போம் (குருவானவர்களை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம்). ஆனால் திருச்சியில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் 1771ல் எழுதிய குறிப்பில் ஒரு சின்னச் செய்தி இருக்கிறது. தம் சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார், அங்கே உள்ளவர்களுக்கு வேதத்தை வாசித்துக் காட்டுகிறார். அவ்வளவுதான். அவர் குருவானவர் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மிஷனரி வந்து தங்குவதற்கு முன்பே, வாசிக்கத் தெரிந்த ஒரு விசுவாசி தனக்குத் தெரிந்ததைப் பக்கத்து ஆட்களுக்கு வாசித்திருக்கிறார்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் மகள். சபையில் முழு அங்கத்தினராகச் சேரும் பிள்ளைகளுக்கான திடப்படுத்தல் வகுப்பில், 'உங்கள் குடும்பத்தில் முதலில் விசுவாசத்துக்கு வந்தவர் யார்?' என்று எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் கோயம்புத்தூரில் இருக்கிறோம். என் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம், செம்மண் தேரியும் பனையுமான ஊர். அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டோம். அம்மாவுக்குத் தன் தாத்தாவின் அப்பா வரைதான் தெரிந்திருந்தது. பனையேறி. உபதேசியார் ஒருவர், அதாவது குருப்பட்டம் பெறாத சபை ஊழியர், ராத்திரி பதநீர் காய்ச்சும் விடிலிக்கு வந்து பேசினார், அப்படித்தான் வந்தோம் என்றார்கள். உபதேசியார் பேர் என்ன என்று மகள் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு அது மனசை உறுத்தியது. எங்கள் குடும்பத்துக்கு எது எல்லாவற்றையும்விடப் பெரியதோ, அதைக் கொண்டுவந்து கொடுத்தவருடைய பெயர் எங்களிடம் இல்லை.

சரி, பெயர் தெரிந்தவர்களையாவது வரிசையாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். சவரிமுத்துவுக்கு அப்புறம் வருகிறவர் குளோரிந்தா அம்மையார். தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திய பிராமண விதவை. ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரோடு வாழ்ந்ததால் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது. அந்த அதிகாரி இறந்தபிறகு 1778ல் ஸ்வார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து கொடுத்தார். 1780ல் அங்கே சபைப் பதிவேடு எழுதும்போது 40 பேர் இருந்தார்கள். 1785ல் கட்டி முடித்த சின்னக் கோயில் இன்றும் நிற்கிறது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று சொன்னால்தான் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு பெண்தான் அந்தச் சபையைத் தாங்கினார் என்பதை நான் என் மகளிடம் அழுத்திச் சொன்னேன். அவளுக்கு அது தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தச் சபையைக் கவனிக்க வந்தவர் சத்தியநாதன். உபதேசியாராக இருந்து 1790ல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றவர். அவருக்கு உதவியாக வந்த தாவீது சுந்தரானந்தம் எங்கள் பக்கத்துக்காரர். வீட்டை விட்டுப் போய், வடக்கே தஞ்சாவூர்ப் பக்கம் கிறிஸ்துவை அறிந்து, திரும்ப வந்து சொந்தக்காரர்களிடமே பேச ஆரம்பித்தார். எப்படிப்பட்ட காரியம் யோசித்துப் பாருங்கள். காணாமல் போன பையன் வந்து நிற்கிறான் என்று ஊர் கூடியிருக்கும். அழுதிருப்பார்கள், திட்டியிருப்பார்கள். அவர்களிடம்தான் அவர் பேசினார். 1797ல் சில குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். எதிர்ப்பு வந்தது. தங்க இடமில்லாமல் போனபோது, நிலம் வாங்கி 1799ல் ஒரு ஊரையே உண்டாக்கினார்கள். அதுதான் முதலூர். அந்த மண்ணில் என் அம்மா வழிச் சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதற்கு அடுத்ததாக வருகிற பத்து, பதினைந்து வருஷத்தைத்தான் நான் ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜேம்ஸ் ஹவ் என்ற ராணுவ குருவானவர் 1816ல் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அந்தச் சபைகளோடு தங்கியிருந்த வெளிநாட்டு மிஷனரி யாரும் இல்லை. ஆபிரகாம் என்ற தமிழ்க் குருவானவரும் உபதேசியார்களும்தான் இருந்தார்கள். புத்தகங்கள் மிகக் குறைவு. ஆனாலும் ஊர் ஊராகச் சுமார் மூவாயிரம் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ரேனியஸ் ஐயர் வருவது அதற்கப்புறம், 1820ல். நடுவில் யார் பிள்ளைகளுக்குக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள்? யார் சாவு வீட்டில் ஜெபித்தார்கள்? அச்சடித்த பைபிள் கையில் இல்லாத தாய்மார்கள்தான், பனையேறிவிட்டு வந்த தகப்பன்மார்கள்தான். வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

வாசிக்கத் தெரியாதவர்களும் விசுவாசத்தைக் கொடுக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர் என் அப்பாவின் அம்மா. நாங்கள் ஆச்சி என்போம். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராத்திரி குடும்ப ஜெபத்தில் பேரப்பிள்ளைகளில் ஒருவர் வாசிக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து வாசிப்பேன். ஒரு வார்த்தை தப்பினாலும் ஆச்சி கண்ணைத் திறக்காமலே திருத்துவார்கள். 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' என்ற சங்கீதத்தை நான் அவசரமாக ஓட்டினால், 'ஏட்டி, மெதுவா. அது தாவீது ராசா மட்டும் சொன்னதில்ல, நானும் சொல்லுதேன்' என்பார்கள். அது தாவீதின் சங்கீதம் என்று தலைப்பில் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதனால் என்ன. கணவனை இழந்து நாலு பிள்ளைகளை வளர்த்தபோது ஆச்சி எந்த இடத்தில் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு அதன் அர்த்தம் புரிந்தது. எழுத்து என்னிடம் இருந்தது, அர்த்தம் ஆச்சியிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் அங்கே ஜெபம் நடந்தது.

ஆச்சி சமையலுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி தனியே எடுத்து ஓலைப்பெட்டியில் போடுவார்கள். கைப்பிடி அரிசி என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். அரிசி தட்டுப்பாடாக இருந்த நாளில்கூட ஆச்சி கை அந்தப் பெட்டிக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் பசியோடு பக்கத்தில் நின்றோம். 'ஏன் ஆச்சி' என்று கேட்டதற்கு, 'நமக்கு யாரோ எடுத்து வச்சதுனாலதான மக்கா உபதேசியார் வந்தாரு' என்றார்கள். ஓய்வுநாள் பள்ளியில் கொடை பற்றிப் படித்த பாடம் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. இது இருக்கிறது.

அந்த அரிசிக்காரப் பெண்கள் இருந்த அதே மண்ணில்தான் 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. தமிழ்க் கிறிஸ்தவர்களே பணம் போட்டு, தமிழர்களையே தெலுங்கு தேசத்துக்கு ஊழியத்துக்கு அனுப்பினார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளையில் 1874ல் ஒரு கிராமத்துக் குருவானவருக்குப் பிறந்தவர். அப்பா வாலிபத்தில் விசுவாசத்துக்கு வந்தவர், பாட்டனார் வரை சைவர்கள். 1912ல் தெலுங்கு தேசத்திலுள்ள தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபையில், முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அவர் செய்த ஒரு காரியம் என்னை ரொம்பத் தொட்டது. ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்து, 'சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ' என்று சொல்ல வைப்பாராம். சொன்னவர்களில் பெரும்பாலானோர் எழுதப் படிக்கத் தெரியாத ஏழை விவசாயக் கூலிகள். வாங்குகிற அன்றைக்கே கொடுக்கிற பொறுப்பும் அவர்கள் தலையில் வந்தது. வாசிக்கத் தெரியாததை அவர் ஒரு சாக்காக விடவில்லை. என் ஆச்சியை அவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விசுவாசம் கைமாறும்போது வேறு சிலவும் சேர்ந்து கைமாறின. சங்கீதத்தை மனப்பாடம் செய்ய வைத்த அதே பெரியவர்கள் கல்யாணப் பேச்சு வந்தால் முதலில் சாதியைத்தான் விசாரித்தார்கள். கோயில் பெஞ்சிலும், சபைத் தேர்தலிலும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும்கூட அது இருந்தது, இருக்கிறது. தேவனுடைய பிள்ளைகள் என்று ஞாயிறு காலையில் சொல்லிவிட்டு, மத்தியானம் 'அவங்க நம்ம ஆளுகளா' என்று கேட்பது விசுவாசத்துக்கு நாம் செய்கிற துரோகம். அதை நான் என் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன். அவர்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்லியும் விட்டேன்.

ரத்தத்தில் வருகிறது என்றும் நினைக்க வேண்டாம். ஆச்சி வளர்த்த நாலு பிள்ளைகளில் என் பெரியப்பா வாலிபத்திலேயே கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். ஆச்சி சாகும்வரை அவருக்காக ஜெபித்தார்கள், அவர் திரும்பவில்லை. அவருடைய மகன், என் அண்ணன், கல்லூரி விடுதியில் அறையில் கூட இருந்த ஒரு வட மாவட்டத்துப் பையன் வழியாக விசுவாசத்துக்கு வந்தார். அந்தப் பையன் குடும்பத்தில் அவன்தான் முதல் கிறிஸ்தவன். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கிற எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு, நேற்று வந்த ஒருவன் பக்கத்துக் கட்டிலில் முழங்கால் போட்டு ஜெபித்துக் காட்டியிருக்கிறான். ஆச்சி ஜெபத்துக்குப் பதில் வேறு வாசல் வழியாக வந்தது என்றுதான் நான் நம்புகிறேன். அண்ணனும் அப்படித்தான் சொல்வார்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி எழுதுகிறார். அப்பா கிரேக்கர், அந்த வீட்டில் விசுவாசத்தைக் கொடுத்தது இரண்டு பெண்கள். அதே நிருபத்தில் கொஞ்சம் தள்ளி, தான் சொன்னதை உண்மையுள்ள ஆட்களிடம் ஒப்புவி, அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்கட்டும் என்கிறார். வீடும் உண்டு, வீட்டுக்கு வெளியேயும் உண்டு. எங்கள் குடும்பத்தில் இரண்டும் நடந்திருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஜெபம் ராத்திரி ஒன்பதரைக்கு, எல்லாரும் வந்து சேர்ந்தபிறகு. சில நாள் மகனுக்குத் தூக்கம், சில நாள் கணவருக்கு ஷிப்ட். யூடியூபில் நல்ல பிரசங்கங்கள் நிறைய வருகின்றன, நானும் கேட்கிறேன். ஆனால் பிள்ளை வாசிக்கும்போது நிறுத்தி, 'இந்த வசனத்தை நான் இந்த வருஷம், இந்தக் கஷ்டத்தில் பிடித்துக்கொண்டேன்' என்று சொல்ல அந்தப் பிரசங்கியாரால் முடியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. என் வேலை போன வருஷத்தைப் பற்றி, அப்போது எத்தனை ராத்திரி பயந்தேன் என்பதைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். அன்றைக்கு மகள் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அடுத்த நாள் அந்தச் சங்கீதத்தை அவளே எடுத்து வாசித்தாள்.

திடப்படுத்தல் வகுப்புக்கு அவள் எழுதிக்கொண்டு போன பக்கத்தில் முதல் பெயராகச் சவரிமுத்துவைப் போட்டிருந்தாள். அவர் நம் குடும்பம் இல்லையே என்று அவளுடைய அப்பா கேட்டார். 'தெரியும்பா, ஆனா அவர் வாசிச்சாரே' என்றாள்.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது உபதேசியார் பெயர், ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் பெயர், வீடு வீடாகப் போய் ஜெபித்த பெண்களின் பெயர் சொன்னால் பைபிளின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் எழுதுகிற அதே பக்கத்தில். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது கேளுங்கள். எண்பது தாண்டியவர்களிடம் முதலில் கேளுங்கள்.