சண்டை நின்றால் எண்ணெய் வந்துவிடுமா?

வண்ணார்பேட்டை பெட்ரோல் பங்கில் ஓர் அண்ணாச்சி, "எண்ணெய் நாடுகளில் சண்டை நின்றால் மறுநாளே பெட்ரோல் விலை இறங்கிவிடும்" என்று அடித்துச் சொன்னார். எண்ணெய்க் கிணறு என்ன வீட்டுக் குழாயா, திருகியதும் கொட்டுவதற்கு? 1991இல் பின்வாங்கிய ஈராக் படை குவைத்தில் 600க்கும் மேற்பட்ட கிணறுகளைக் கொளுத்தியது. பிப்ரவரியில் போர் முடிந்தது. கடைசித் தீ அணைந்ததோ நவம்பரில். அதற்குப் பிறகும் சேகரிப்பு நிலையங்களையும் ஏற்றுமதித் தளங்களையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. எண்ணெயை மேலே தள்ளும் நிலத்தடி அழுத்தம் குறைந்திருந்தால் அது தனித் தலைவலி. குவைத்திடம் பணம் இருந்தது, சில ஆண்டுகளில் எழுந்துவிட்டது. ஈரானைப் பாருங்கள். 1970களில் நாளொன்றுக்குச் சுமார் 60 லட்சம் பீப்பாய் எடுத்த நாடு. புரட்சி, ஈராக்குடன் எட்டாண்டுப் போர், பிறகு பொருளாதாரத் தடைகள். அந்தப் பழைய உச்சத்தை அது மறுபடி எட்டவே இல்லை.