நெத்திலியில் தொடங்கினோம்

ஞாயிறு காலை காசிமேட்டில் அரை கிலோ நெத்திலி வாங்கி வந்து, பத்து வயது மகனையும் ஏழு வயது மகளையும் சமையலறையில் உட்கார வைத்தேன். நெத்திலிக்குக் கத்தியே வேண்டாம், தலையைக் கிள்ளி லேசாக இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும், சின்னக் கைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. பாப்பா முதலில் முகம் சுளித்தாள், அப்புறம் அண்ணனைவிட வேகமாகக் கிள்ளினாள்.

புளி கரைத்தது மகன். குழம்பு கொதித்து மசாலாவின் பச்சை வாசனை போன பிறகுதான் மீன், போட்டபின் ஐந்து நிமிடம் போதும், கரண்டி போட்டுக் கிண்டினால் உடைந்துவிடும், சட்டியைத் துணியால் பிடித்து லேசாகச் சுழற்ற வேண்டும் (அதை மட்டும் நான் செய்தேன்). அடுப்பு பற்ற வைக்க அவனுக்கு அனுமதி உண்டு, நான் பக்கத்தில் நின்றால் மட்டும்.

மகனும் கற்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம். அம்மா என்னை மட்டும்தான் அடுப்படிக்குக் கூப்பிடுவார், தம்பி தெருவில் கேரம் ஆடிக்கொண்டிருப்பான். இன்று வெளியூரில் தினமும் ஹோட்டல் சாப்பாடு, வயிறு சரியில்லை என்று அவன் போனில் சொல்லும்போது மனசு வலிக்கிறது.

மீதிக் குழம்பைக் காலை இட்லிக்கு எடுத்து வைக்கச் சொன்னது மகன்தான்.