ஐந்தாம் மாதத்திலேயே கேளுங்கள்

பிப்ரவரி 3

கோலாலம்பூரை அடுத்த கோம்பாக்கிலிருந்து வலியோடு வந்த சோமாலிய அகதிப் பெண், தலைப்பிரசவம். பரிசோதனைப் புத்தகத்தில் எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் இருக்கின்றன. சிறுவயதில் அவளுடைய பிறப்புறுப்பை யாரோ வெட்டித் தைத்து மூடியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. யாருமே கேட்கவில்லை. பரிசோதிக்கப் போன இளம் தாதி விரல் நுழைய வழியில்லாமல் திகைத்து ஓடி வந்தாள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நான்கு வகைகளில் இது மூன்றாவது. சிறுநீரும் மாதவிடாயும் கசியச் சிறு துளை மட்டும் மிஞ்சும். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறதென்று பார்ப்பது கடினம், சிறுநீர்க் குழாய் செருகுவதும் கடினம். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பெரிய டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, தழும்புக்கு அடியில் விரலை வைத்துக் காத்தபடி முன்பக்கமாக மேல்நோக்கித் திறந்தார். வேடிக்கை பார்க்க வந்த மாணவர்களை வெளியே அனுப்பித் திரையை இழுத்துவிட்டேன். வேலையில்லாதவருக்கு அங்கே இடமில்லை.

பிப்ரவரி 4

விடியலில் பெண் குழந்தை. சுகம்.

“பழையபடி தைத்துவிடுங்கள், மிஸ்ஸி” என்று அவளுடைய நாத்தனார் மலாய் மொழியில் கேட்டார். தாதிகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். மறுத்தோம். இரத்தம் நிற்க இருபக்க ஓரங்களையும் தனித்தனியே தைப்போம், சேர்த்து மூட மாட்டோம். இனிச் சிறுநீர் வேகமாக வரும், சத்தமும் மாறும் என்று தாயிடம் சொன்னேன். முன்கூட்டியே சொல்லாவிட்டால் உடம்பில் ஏதோ கெட்டுவிட்டதென்று பயந்துவிடுவார்கள். பிள்ளை பெற்ற களைப்பில் கிடப்பவளிடம், அதுவும் நாத்தனார் வாய்வழியாக, பேசும் பேச்சா இது? மகளுக்கு இதைச் செய்யாதீர்கள் என்றும் சொன்னேன். நாத்தனார் பதில் சொல்லவில்லை.

இளம் தாதி அழுதாள். “அக்கா, பெற்ற தாயே இதற்குச் சம்மதித்திருப்பாளா?” மகளுக்குத் திருமணம் நடக்க வேண்டுமே என்றுதான் பல தாய்மார்கள் சம்மதிக்கிறார்கள் என்றேன். அழுகையை அவள் முன்னால் காட்டாதே என்றும் சொன்னேன்.

பிப்ரவரி 6

இன்று பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு எதிரான உலக நாள். பாதிக்கப்பட்டவர்கள் 23 கோடிக்கும் மேல் என்கிறது யுனிசெஃப்பின் 2024 கணக்கு. எனக்கு முக்கியமானது 2006இல் வெளிவந்த ஆய்வு: ஆறு ஆப்பிரிக்க நாடுகள், 28,000க்கும் மேற்பட்ட தாய்மார்கள். வெட்டப்படாதவர்களைவிட மூன்றாம் வகையினருக்குப் பிரசவத்துக்குப் பின் அதிக இரத்தப்போக்கு ஏற்படும் ஆபத்து சுமார் 70 சதவீதம் கூடுதல்.

ஆப்பிரிக்கச் சங்கதி என்று ஒதுக்கவும் முடியாது. இந்த மலேசியாவிலும் 2009இல் மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தேசிய ஃபத்வா குழு முஸ்லிம் பெண்களுக்கு விருத்தசேதனம் கட்டாயம் என்றது. இங்கே நடப்பது பெரும்பாலும் சிறு கீறல், பிரசவத்தை மறிப்பதில்லை. ஆனாலும் சிறுமியின் உடம்பில் அது தேவையற்ற காயம்தான்.

அகதிகள் தாமதமாக வருவதற்குக் கட்டணமும் காரணம். ஐ.நா. அகதி அட்டை இருந்தால் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. மீதிப் பாதியே அவர்களுக்கு மலை.

பிப்ரவரி 19

சூடானியப் பெண், ஐந்தாம் மாதம். இளம் தாதி கதவைச் சாத்திவிட்டு, உறவினரல்லாத ஒரு பெண்ணைத் தொலைபேசியில் மொழிபெயர்க்க வைத்துக் கேட்டாள். ஆம் என்றாள் அந்தப் பெண். தழும்பைத் திறக்க அடுத்த வாரம் நாள் குறித்தாயிற்று. கணவரையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறோம்.